கோச்சுக்கு யார் கோச்?

சித்திரை பிறந்துவிட்டால் பேராவூரணிச் சுற்றுவட்டாரச் சாலைகளில் ஃபிளெக்ஸ் பேனர்கள் முளைக்கும். கோயில் திருவிழாவை முன்னிட்டு மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை இன்னார் நினைவாக, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, எடைப் பிரிவு இத்தனை கிலோ, நடுவர் தீர்ப்பே இறுதியானது. பரிசு கொடுக்கிறவர்கள் படம் இருக்கும், விழாக் குழுவினர் படம் இருக்கும், ஊர்ப் பெரியவர்கள் படம் இருக்கும். பெரும்பாலும் ஒருவர் படம் மட்டும் இருக்காது. அந்தப் பையன்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர்.

அவரை ஊரில் 'கோச்' என்பார்கள், பள்ளியில் 'பி.டி. சார்' என்பார்கள், பையன்கள் 'அண்ணே' என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் அவரிடம் ஒரு தொழிலறிவு இருக்கிறது. யாரை கார்னரில் நிறுத்துவது, யாரை ரைடுக்கு அனுப்புவது, கால் பிசகியவனை எத்தனை நாள் உட்காரவைப்பது, தோற்றுவிட்டு அழுகிறவனிடம் என்ன பேசுவது என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 40 வருடங்களுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. இன்றைய பதில் வேறு.

அறுத்த வயலில்

பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்து முடிந்த கால்வாய் அது. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்தால், ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை வயல் சும்மா கிடக்கும். அந்த நாலைந்து மாதம்தான் சடுகுடுக் காலம். அறுத்த தாள் காலில் குத்தாமல் செதுக்கி, கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, மேலே மணலைத் தூவி, சாம்பலால் கோடு போட்டால் களம் தயார்.

அந்தக் களத்தின் முதல் ஆசான் ஊரிலேயே இருந்த மூத்த ஆட்டக்காரர். வயது 40ஐத் தாண்டியிருக்கும், முட்டி தேய்ந்திருக்கும், வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பார். அவர் எந்தப் புத்தகமும் படித்தவரில்லை. பிடிபட்டுப் பிடிபட்டுக் கற்றவர். பக்கத்து ஊர்க்காரன் தன் தொடையை எப்படிப் பிடித்து மடக்கினான் என்பதை அடுத்த நாள் தன் ஊர்ப் பையன் ஒருவனை நிறுத்தி, அப்படியே பிடித்துப் பார்த்து, அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர். அவர் பாடம் நடத்தும் முறையும் அதேதான். "பாத்துக்கடா தம்பி, இப்படித்தான்" என்பார், ஒரு தரம் செய்து காட்டுவார், அவ்வளவு. புரியாதவன் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி வந்த அறிவில் ஆழம் இருந்தது. ஒரு பையன் கோட்டைத் தாண்டும்போது தோள் இறங்குவதைப் பார்த்தே எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்லிவிடுவார். மூச்சுக்கு அவர் வைத்திருந்த பயிற்சி தனி. அன்று மூச்சுதான் கடிகாரம். 'கபடி கபடி' என்று எத்தனை நேரம் விடாமல் பாடுகிறானோ அத்தனை நேரம்தான் எதிராளியின் எல்லையில் நிற்க முடியும். அதனால் பாடிக்கொண்டே ஓடவிடுவார், குளத்தில் மூச்சடக்கி முங்கவிடுவார்.

ஆனால் அந்த அறிவு ஊர் எல்லையைத் தாண்டாது. அவர் ஆடிய ஆட்டம்தான் அவருக்குத் தெரிந்த ஆட்டம். அவர் ரைடராக இருந்தவர் என்றால் அந்த ஊரில் நல்ல ரைடர்கள் வருவார்கள், பிடி ஆட்கள் வரமாட்டார்கள். அவர் கண்ணை மூடினால் அவரோடு பாதி வித்தையும் போய்விடும். எழுதிவைக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

டிரில் மாஸ்டரின் பை

இரண்டாவது ஆசான், பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர். அவருடைய வம்சாவளி சென்னையில் தொடங்குகிறது. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக ஆசியாவில் தொடங்கப்பட்ட முதல் கல்லூரி அது என்பார்கள். அங்கே படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்கள் வந்தார்கள்.

அவர் பையில் இரண்டு பொருள்கள் நிச்சயம் இருக்கும். விசில் ஒன்று, விதிப் புத்தகம் இன்னொன்று. ஊர்ச் சடுகுடுவில் கோடு எங்கே என்பதற்கே சண்டை வரும். டிரில் மாஸ்டர் டேப்பை நீட்டி ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று அளந்து போடுவார். 'அவுட்' ஆனவன் எப்போது உள்ளே வரலாம், எதிரணி முழுவதும் வெளியேறினால் எத்தனை கூடுதல் புள்ளி என்பதற்கெல்லாம் புத்தகத்தில் பக்கம் காட்டுவார். மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் 1918க்கும் 1923க்கும் இடையில் எழுதத் தொடங்கிய விதிகள், 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவான பிறகு செப்பனிடப்பட்டு, கடைசியில் பேராவூரணிக்கு வந்து சேர்ந்தது இந்த ஆசிரியர்களின் பைகளில்தான்.

அவருக்கு வேறு குறை. கைப்பந்து, கோகோ, தடகளம், கபடி, பூப்பந்து என்று எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே ஆசிரியர். கல்லூரியில் ஒவ்வொன்றுக்கும் சில வாரங்கள் படித்திருப்பார். விதி தெரியும், கோடு தெரியும், வார்ம்-அப் தெரியும். ஒரு நல்ல ரைடரை எப்படி உருவாக்குவது என்பது அவருக்கும் வேலையில் சேர்ந்த பிறகு கற்க வேண்டிய பாடம்தான்.

அதை அவர் கற்ற இடம் குறுவட்டப் போட்டி. பல பள்ளிகளின் அணிகள் ஒரே மைதானத்தில் கூடும் நாள். பையன்கள் ஆடிக்கொண்டிருக்க, டிரில் மாஸ்டர்கள் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். "ஒங்க பய அந்த லெஃப்ட் கார்னர் எப்புடி சார் அப்புடி நிக்கிறான்?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் டீயை வைத்துவிட்டு எழுந்து நின்று காட்டுவார். குடியரசு தின விளையாட்டுப் போட்டி, பாரதியார் தின விளையாட்டுப் போட்டி என்று பள்ளிக் கல்வித் துறை நடத்திய போட்டிகள் மாணவர்களுக்காக நடந்தவை என்று அரசாங்கப் பதிவேடு சொல்லும். உண்மையில் அவை ஆசிரியர்களுக்கும் வருடாந்திர வகுப்பு. அந்த வகுப்புக்குப் பாடத்திட்டமோ வருகைப் பதிவோ கிடையாது, பலன் மட்டும் உண்டு.

லீவில் வந்த வித்தை

மூன்றாவது ஆசான் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருகிறவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ, காவல் துறையிலோ, மின் வாரியத்திலோ, வங்கியிலோ வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போன ஆட்டக்காரர். துறை அணிகளுக்கு முறையான கோச் உண்டு. வட இந்தியர்களோடும் மராட்டியர்களோடும் மோதிப் பார்த்தவர் அவர். லீவில் ஊருக்கு வந்தால் சாயங்காலம் களத்துக்கு வருவார். அவர் கால்சட்டையையும் ஷூவையும் பார்க்கவே கூட்டம் கூடும். ஹரியானாக்காரன் எப்படி டேஷ் அடித்து லாபிக்கு வெளியே தள்ளுகிறான், மகாராஷ்டிரக்காரன் எப்படிக் கைகோத்துச் செயின் போட்டு அமுக்குகிறான் என்று அவர் அந்த ஒரு வாரத்தில் காட்டிவிட்டுப் போவதை, ஊர் மூத்தவரும் டிரில் மாஸ்டரும் அடுத்த ஒரு வருடம் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அறிவும் அன்று கல்லணைக் கால்வாய்த் தண்ணீரைப் போலத்தான் வந்தது. தலைமடையில் திறந்தது கடைமடைக்கு வந்து சேர நாளாகும். வருவதற்குள் பாதி வற்றியும் போகும்.

தலைமடை எது? பயிற்சியாளர்களை உருவாக்குவதற்கென்றே நாடு முறையாக முயன்றது 1953இல், ராஜ்குமாரி அம்ருத் கௌர் பெயரிலான பயிற்சித் திட்டத்தோடு. பிறகு 1961 மே 7 அன்று பஞ்சாபின் பாட்டியாலாவில், மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுக் கழகம் திறக்கப்பட்டது. 1973இல் அதற்கு நேதாஜி சுபாஷ் பெயர் சூட்டினார்கள். இன்றும் 'என்.ஐ.எஸ். முடித்தவர்' என்றால் விளையாட்டு வட்டாரத்தில் தனி மரியாதைதான். ஆனால் பேராவூரணிப் பையனுக்கு அது இரண்டு நாளுக்கு மேல் ரயில் பயணம், புரியாத மொழியில் பாடம், பல மாதம் சம்பாத்தியம் இல்லாத வாழ்க்கை. போனவர்கள் உண்டு. போய்வந்த பலருக்கு வேலை பெரிய ஊர்களில் கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அன்று தெரியாமல் செய்தவை

பழையதெல்லாம் பொன் என்று சொல்வதற்கில்லை. பயிற்சியின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், மூச்சு வாங்கும் என்று குடத்தை ஒளித்துவைத்த கோச்சுகள் இருந்தார்கள். சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ள ஆடிய பையன் மயங்கி விழுந்தால், 'ஒடம்புல வலு இல்ல' என்று அவனை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். சுளுக்கோ, எலும்பு முறிவோ, ஜவ்வுக் கிழிசலோ எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய் போட்டு நீவுவதே வைத்தியம். உண்மையிலேயே எலும்பு விலகியிருந்தவனையும் நீவினார்கள். 13 வயதுப் பையனுக்கும் 25 வயதுக்காரருக்கும் ஒரே தண்டால், ஒரே பஸ்கி. தப்பு செய்தால் புளிய விளாறு.

பெண் பிள்ளைகளைக் களத்துக்குள் விட்ட ஊர்கள் மிகக் குறைவு. பள்ளியில் கோகோவோடு அவர்கள் விளையாட்டு முடிந்தது. பெண் ஆடினால்தானே பின்னாளில் பெண் கோச் வருவார்? ஆடிக் கற்றதே அறிவு என்றிருந்த காலத்தில், ஆட விடாததால் ஒரு தலைமுறைக்கான பெண் பயிற்சியாளர்களே இல்லாமல் போனார்கள்.

2014 ஜூலை 26

கபடி கோச்சுகளின் அறிவு ஒரே வருடத்தில் பழசாகிப்போனது என்றால் அது 2014. அந்த ஜூலை 26 அன்று புரோ கபடி லீக் தொடங்கியது. அதுவரை திருவிழா ஆட்டமாக இருந்தது, இரவு நேரத் தொலைக்காட்சி ஆட்டமானது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் வந்தது, ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழும் வந்தது. வர்ணனை தமிழில் கேட்டது. டீக்கடைகளில் 'சூப்பர் டேக்கிள்', 'டூ ஆர் டை' என்ற வார்த்தைகள் புழங்கத் தொடங்கின.

மூச்சுக்குப் பதில் 30 விநாடிக் கடிகாரம் வந்தது. பாடுவது இன்னும் கட்டாயம்தான், ஆனால் நீண்ட மூச்சுக்காரன் என்ற பழைய பெருமைக்கு மதிப்பு குறைந்தது. தொடர்ந்து இரண்டு ரைடு புள்ளி இல்லாமல் திரும்பினால் மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரைடர் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் பிடிக்கு இரண்டு புள்ளி. இந்த விதிகள் ஆட்டத்தைக் கணக்காக்கிவிட்டன. எந்த ரைடை வீணாக்கலாம், மூன்றாவதற்கு யாரை அனுப்பலாம், ஆறு பேர் நிற்கும்போது போனஸ் கோட்டுக்குப் போகலாமா என்று வெளியே நிற்கிறவர் ஒவ்வொரு விநாடியும் கணக்குப் போட வேண்டும். கத்தி உற்சாகப்படுத்துவது மட்டும் கோச் வேலையாக இருந்த காலம் அதோடு முடிந்தது.

தரையும் மாறியது. மண்ணில் வெறுங்காலோடு ஆடியவர் 'மேட்' விரிப்பில் ஷூ போட்டு நின்றால் உடம்பே வேறு மாதிரி நடந்துகொள்ளும். மண்ணில் கால் வழுக்கும், அதனால் பிடித்த காலை இழுத்துப்போட்டால் ரைடர் சாய்ந்துவிடுவார். மேட்டில் ஷூ கவ்விக்கொள்ளும், ரைடர் ஊன்றித் தள்ளிக்கொண்டு கோட்டுக்குப் போய்விடுவார்.

கார்னரில் கணுக்கால் பிடியைச் சொல்லிக்கொடுப்பதையே பார்க்கலாம். அன்றைய பாடம் ஒரே வரி: "காலு உள்ள வந்தா விடாத." இன்று விவரம் தெரிந்த ஒரு கோச் அதே பிடியைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார். முதலில் நிற்கும் விதம்: குதிகால் தரையில் அழுந்தாமல், எடை முன்பாதத்தில். கண் ரைடரின் காலில் இருக்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். கால் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. பாய வேண்டிய கணம் ரைடர் காலை நீட்டும்போதில்லை, நீட்டிய காலைத் திருப்பி எடுக்கும்போது. ஒரு கை குதிகாலுக்குப் பின்னால், ஒரு கை முன்னால். தலை ரைடரின் காலுக்கு வெளிப்பக்கம், இல்லாவிட்டால் முட்டி முகத்தில் அடிக்கும். பிடித்ததும் தன் நெஞ்சை நோக்கித் தூக்க வேண்டும். அதே விநாடி பக்கத்தில் நிற்கும் கவர் ஆள் வந்து மேலே விழ வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பத்து முறை, பிறகு சேர்த்து மெதுவாக, பிறகு வேகத்தில். ஊர் மூத்தவரின் உடம்புக்கும் இது அத்தனையும் தெரிந்துதான் இருந்தது. அதை வார்த்தையாக எடுத்துக் கொடுக்கத்தான் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தத் திருப்பத்தில் நம் மண்ணின் ஆட்களும் இருந்தார்கள். முதல் லீக்கில் கோப்பை வென்ற ஜெய்ப்பூர் அணியின் பயிற்சியாளர் தமிழ்நாட்டுக்காரரான கே.பாஸ்கரன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், 40 வயதைத் தாண்டியும் லீக்கில் பிடி ஆளாக நின்றார். அவர் தலைமையில்தான் 2016இல் பாட்னா பைரேட்ஸ் நான்காவது லீக் கோப்பையை எடுத்தது, அதே வருடம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2024இல் தமிழ் தலைவாஸ் அவரைப் பயிற்சியாளர் குழுவில் சேர்த்துக்கொண்டது. மண் தரையில் தொடங்கி மேட்டில் முதிர்ந்து கோச் ஆனவர் என்று காட்ட டெல்டாவுக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

போனில் வந்த பள்ளிக்கூடம்

இன்று 25 வயதில் கோச் ஆகிறவருக்கு வழிகள் பல. பி.பி.எட். இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தமிழ்நாட்டில் 2004இல் சட்டம் போட்டு ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கினார்கள், சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. என்.ஐ.எஸ். நீண்ட டிப்ளமோவோடு 6 வாரச் சான்றிதழ் படிப்பும் நடத்துகிறது. கால்பந்தில் டி லைசென்ஸில் தொடங்கி மேலே மேலே ஏற வேண்டும். கிரிக்கெட்டில் லெவல் 1, 2, 3 என்று போகிறது. 2020 ஊரடங்கின்போது இந்திய விளையாட்டு ஆணையம் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இணையவழி வகுப்புகளை நடத்தியது. ஊரிலிருந்தே போனில் கேட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளிக்கூடம் யூடியூப்தான். நேற்றிரவு நடந்த லீக் ஆட்டத்தின் பிடி இன்று காலையில் ஸ்லோ மோஷனில் கிடைக்கிறது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, எந்தக் கால் முன்னால் இருந்தது என்று பார்க்கலாம். தன் பையன் ஆடுவதையும் போனிலேயே எடுத்து, "இங்க பாரு, நீ எங்க தப்புப் பண்ற" என்று காட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் மாவட்டத்தின் எல்லா ஊர்க் கோச்சுகளும் இருக்கிறார்கள். முன்பு பொங்கல் லீவுக்குக் காத்திருந்து கிடைத்தது, இன்று கையைவிட்டு இறங்குவதே இல்லை.

ஆனால் தகவல் வந்து சேர்ந்த வேகத்துக்கு, அதைச் சல்லடை போடும் அறிவு வந்து சேரவில்லை. லீக் ரைடர் பர்தீப் நர்வால் டுப்கி போட்டு எதிராளிகளின் கைகளுக்குக் கீழே புகுந்து வெளியே வருவதை எல்லோரும் பார்த்தோம். அதை 12 வயதுப் பையன்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? கழுத்துத் தசை பலப்படாத வயதில் தலையைக் கொடுத்துப் புகச் சொல்வது ஆபத்து. வீடியோ நர்வால் செய்ததைக் காட்டும். அதைச் செய்ய அவர் உடம்பை எத்தனை வருடம் தயார் செய்தார் என்பதைக் காட்டாது.

எடைப் பிரிவு வந்ததிலிருந்து இன்னொரு கெட்ட வழக்கமும் வந்திருக்கிறது. 55 கிலோப் போட்டிக்கு 58 கிலோப் பையனை இறக்க, முந்தின நாளிலிருந்து சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தி, சட்டை மேல் சட்டை போட்டு வெயிலில் ஓடவிடுகிறார்கள். அன்று அறியாமையால் தண்ணீர் குடத்தை ஒளித்தார்கள். இன்று கணக்குப் போட்டுத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். எடை பார்த்த கையோடு அந்தப் பையன் வற்றிப்போன உடம்போடு களத்தில் இறங்குகிறான். காயம் வருவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

முட்டி விஷயமும் அப்படித்தான். மேட்டில் ஷூ ஊன்றி நிற்க உடம்பு மட்டும் திரும்பினால், முட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்ததற்கு அடையாளம் அது. அன்று சாயங்காலமே வீங்கிவிடும். அதை நீவாமல், ஐஸ் வைத்து, நடக்கவிடாமல், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்த கோச் கையில் பையனின் எதிர்காலம் பத்திரமாக இருக்கும். தெரியாதவர் கையில், இரண்டு வாரத்தில் வலி குறைந்ததும் மறுபடி இறங்குவான், மறுபடி முட்டி நழுவும், ஆட்டம் அதோடு முடியும்.

உலகம் என்ன சொல்கிறது

விளையாட்டுப் பயிற்சியாளர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆராய்வது இன்று தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. அவர்கள் கற்கும் வழிகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: பட்டமும் சான்றிதழும் தரும் படிப்பு, ஓரிரு நாள் பயிலரங்குகள், அன்றாட அனுபவத்திலும் சக பயிற்சியாளர்களிடமும் கற்பது. எந்த நாட்டில் கேட்டாலும் பெரும்பாலான பயிற்சியாளர்கள் மூன்றாவதையே முதலில் சொல்கிறார்கள். கனடாவில் வேட் கில்பர்ட், பியர் ட்ரூடல் என்ற ஆய்வாளர்கள் சிறுவர் அணிகளின் பயிற்சியாளர்களைக் கூர்ந்து கவனித்து, 2001இல் ஒன்றைச் சொன்னார்கள். அனுபவம் தானாக அறிவாகிவிடுவதில்லை. தனக்கு வந்த சிக்கல் என்ன என்று யோசித்து, தீர்வு தேடி, நம்பகமான ஒருவரிடம் கேட்டு, செய்து பார்த்து, பலித்ததா என்று திரும்பிப் பார்க்கிறவரிடம்தான் அது அறிவாகிறது. அப்படிச் செய்யாமல் 20 வருடம் கோச்சாக இருந்தவர், ஒரு வருட அனுபவத்தை 20 முறை திருப்பிச் செய்தவர்தான்.

அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரிய ஆசானாகக் கருதப்பட்ட ஜான் வுடனை 1974-75 பருவத்தில் இரு உளவியலாளர்கள் களத்தோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். 2,326 கற்பித்தல் செயல்களைப் பதிவு செய்ததில் பாதி, இதை இப்படிச் செய் என்ற சுருக்கமான நேரடிக் குறிப்புகள். பாராட்டு 7 சதவீதம்கூட இல்லை, கண்டிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. உரத்த உபதேசம் இல்லை. அவர் அப்படிப் பேச முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு நாள் பயிற்சியையும் முன்கூட்டியே எழுதித் திட்டமிட்டது. போட்டி இல்லாத மாதங்களில் அவர் ஏதாவது ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வார். அதைப் பற்றிப் படிப்பார், அதில் கெட்டிக்காரர்கள் யார் யார் என்று விசாரித்து அவர்களிடம் கேட்பார், குறிப்பு எழுதுவார். அடுத்த வருடம் வேறொன்று.

கபடிக்குள்ளேயே ஒரு பாடம் 2018இல் வந்தது. ஜகார்த்தா ஆசியப் போட்டியில், 1990 முதல் தங்கத்தை விட்டுக்கொடுக்காத இந்திய ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது. பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரான் 27-24 என்று இந்தியாவை வென்றது. அந்த ஈரான் பெண்கள் அணியின் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். மொழி தெரியாத நாட்டுக்குப் போய், அங்கிருந்த பெண்களுக்கு யோகாவும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தவர். கபடி அறிவு இங்கே பிறந்தது என்பதால் இங்கேயே தங்கிவிடாது. யார் ஒழுங்காகக் கேட்டு வாங்குகிறார்களோ அவர்களிடம் போகும். 2023இல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டு தங்கத்தையும் மீட்டது, பெண்கள் ஒரே புள்ளியில், 26-25.

மாறியதும் விட்டுப்போனதும்

அன்றைய கோச்சிடம் தகவல் குறைவு. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தார். தவறாகச் செய்தால் வரப்பில் இருந்த மூத்தவர் திட்டுவார், குறுவட்டப் போட்டியில் சக ஆசிரியர் சிரிப்பார், லீவில் வந்தவர் திருத்துவார். இன்றைய கோச்சிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை. அவர் பயிற்சி கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, 'இதை மாற்றிச் செய் தம்பி' என்று சொல்ல ஆள்தான் இல்லை. சான்றிதழ் படிப்பு ஆறு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவரை யாரும் வந்து பார்ப்பதில்லை. போட்டிக்குப் போனாலும் ஆட்டம் முடிந்ததும் வேனில் ஏறிவிடுகிறார்கள். பள்ளியிலோ பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார்.

வேலையின் மதிப்பும் உயரவில்லை. ஊர்க் கோச்சுகளில் பலருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. தென்னந்தோப்பு வேலையோ, டிரைவர் வேலையோ, கடையோ பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது அவர்களுடைய பிழைப்பும் சேர்ந்து சாய்ந்தது. சொந்தக் காசில் ஐஸ் வாங்குகிறவரிடம், சொந்தச் செலவில் பாட்டியாலா போய்ப் படித்துவா என்று எந்த வாயால் சொல்வது?

பலன் வராத மண்ணும் இல்லை இது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ். வடுவூர் நமக்குப் பக்கத்து மாவட்டத்து ஊர், நம்மைப் போன்றே நெல் விளைகிற ஊர், கபடிக்குப் பேர்போன ஊர். கபடியை விட்டுவிடாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுக்கிற ஊர்களிலிருந்துதான் இப்படி ஒரு பையன் வருவான்.

ஆகவே இந்த வட்டாரத்துக் கோச்சுகளுக்கும், மாவட்டக் கபடிக் கழகத்துக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் ஒரே கோரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் களம் நனைந்து கிடக்கும் மாதங்களில் கோச்சுகளுக்குக் கை ஓய்வாக இருக்கும். அப்போது பேராவூரணியிலோ பட்டுக்கோட்டையிலோ ஏதாவது ஒரு பள்ளிக் கூடத்தில், தமிழில், இரண்டு நாள் கூடுங்கள். வருடத்துக்கு ஒரே விஷயம் போதும். இந்த வருடம் முட்டிக் காயம், அடுத்த வருடம் கார்னர் பிடி, அதற்கடுத்த வருடம் எடை குறைப்பு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் எலும்பு மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஓய்வுபெற்ற பி.டி. சார்களைக் கூப்பிடுங்கள், பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். பிறகு ஆறு மாதத்தில் ஒரு முறையாவது ஒருவர் பயிற்சியை இன்னொருவர் போய்ப் பார்த்து வாருங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். திருவிழாப் போட்டியின் பரிசுத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினாலே நடக்கும்.